ஐந்து யூனிட்டில் எந்த இரண்டை ஆன்லைனில் வைப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.காம் இரண்டாம் ஆண்டுக்கு வணிகப் புள்ளியியல் எடுக்கிறீர்கள். அடுத்த செமஸ்டரிலிருந்து 40 சதவீதம் ஆன்லைனிலும் 60 சதவீதம் நேரடியாகவும் நடத்த வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சிலபஸில் ஐந்து யூனிட். ஐந்தில் 40 சதவீதம் என்றால் இரண்டு. எந்த இரண்டைத் தூக்கி ஆன்லைனில் போடுவது என்று கேட்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, “கொரோனா சமயத்தில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள், இப்போது மட்டும் வீடியோ பார்த்துவிடுவார்களா?” என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதை அரிக்கும் கேள்வி இந்த இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு இதனால் நன்மை உண்டா, இல்லை நாக் (கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் அமைப்பு) ஃபைலில் ஒரு பக்கம் நிரம்புவதோடு சரியா?

சுருக்கமாகச் சொன்னால், எந்த யூனிட்டையும் முழுதாக ஆன்லைனுக்கு அனுப்பாதீர்கள். யூனிட்டைப் பிரிக்காமல் வாரத்தைப் பிரியுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் முதல் அறிமுகம் வீட்டில் நடக்கட்டும், சிக்கும் இடம் வகுப்பில் நடக்கட்டும். நன்மை உண்டா என்பது வகுப்பு நேரத்தை நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீடியோவின் தரம் அதற்கு அடுத்தபடிதான்.

முதலில் அந்த 40. இதில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கல்லூரி வட்டாரங்களில் உலவுகின்றன. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கும் பாடங்களுக்கான யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி 2016-இல் வந்தபோது, ஒரு செமஸ்டரில் 20 சதவீதப் பாடங்கள் வரை அதன் வழியாகப் படிக்கலாம் என்றது. 2021-இல் அந்த வரம்பு 40 ஆனது. இது எத்தனை பாடங்கள் என்பதைப் பற்றியது. அதே 2021 மே மாதம் யுஜிசி, ஆன்லைனும் நேரடி வகுப்பும் கலந்த கலப்புமுறைக் கற்றல் குறித்து ஒரு கருத்துக் குறிப்பு வெளியிட்டது. ஸ்வயம் அல்லாத எந்தப் பாடத்திலும் 40 சதவீதம் வரை ஆன்லைனில் கற்பிக்க அனுமதிக்கலாம் என்பது அதன் சாரம். இது ஒரு பாடத்துக்குள் எவ்வளவு என்பதைப் பற்றியது. இரண்டிலும் “வரை” என்றுதான் இருக்கிறது. உச்சவரம்பாகச் சொன்னதை நம் கல்லூரிகள் இலக்காக எடுத்துக்கொண்டன. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதிமுறையில் எதை ஏற்றிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு துறைத் தலைவரான ஹெச்ஓடியிடம் பேசுங்கள். இருபது சதவீதத்தில் தொடங்க இடம் இருந்தால் இருபதிலேயே தொடங்கலாம். இரண்டு யூனிட் என்று வெட்டச் சொல்லி எந்த விதியும் கேட்கவில்லை.

எந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பித்து வந்தவன் நான். அத்துடன் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளும் பல ஆண்டுகள் எடுத்திருக்கிறேன். தொலைவில் படித்து, நேரில் சந்திப்பது நமக்குப் புதிதே இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதிலிருந்து தபாலில் பாடமும் விடுமுறையில் தொடர்பு வகுப்புமாக இந்த நாட்டில் லட்சக்கணக்கானோர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். தபாலின் இடத்தில் இப்போது செல்போன் வந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்த்த கோளாறு அப்படியே உங்கள் வகுப்புக்கும் வரப் போகிறது, அதனால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

படிப்பு மையத்தில் ஏற்பாடு என்னவென்றால், மாணவர் புத்தகத்தை வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும். ஆசிரியர் சந்தேகம் தீர்க்க வேண்டும், பாடம் நடத்தக் கூடாது. வருகிறவர்கள் மில் சூப்பர்வைசர், போலீஸ்காரர், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வரும் பெண் என்று வாரம் முழுக்க உழைத்துக் களைத்தவர்கள். பெரும்பாலோர் புத்தகத்தைப் பிரித்திருக்க மாட்டார்கள். “சந்தேகம் கேளுங்கள்” என்றால் என்ன கேட்பார்கள்? அமைதியாக இருப்பார்கள். ஆசிரியருக்குச் சங்கடமாகிவிடும், சாக்பீஸை எடுத்து முதல் பக்கத்திலிருந்து நடத்த ஆரம்பித்துவிடுவார். அடுத்த வாரம் படித்துவிட்டு வந்திருந்த இரண்டு பேரும், “எப்படியும் சார் நடத்திவிடுவார்” என்று படிக்காமல் வருவார்கள். படிக்காததால் நடத்துகிறோம், நடத்துவதால் படிப்பதில்லை. இந்தச் சுழல் ஒருமுறை சுற்ற ஆரம்பித்துவிட்டால் அந்த செமஸ்டர் முழுக்க நிற்காது. எவ்வளவு அழகான வீடியோ போட்டாலும், மறுநாள் வகுப்பில் அதையே திரும்ப நடத்தினால் மூன்றாவது வாரம் யாரும் பார்க்க மாட்டார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவதில் பொருளில்லை. ஒரே பாடத்தை இரண்டு முறை கேட்க வேண்டாம் என்று முடிவெடுப்பது கெட்டிக்காரத்தனம்தான்.

கொரோனா காலத்தோடு இதை ஒப்பிட்டுக் கவலைப்படுகிறீர்கள். அப்போது நாம் செய்தது வேறு. அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பறையை அப்படியே ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் மாற்றினோம். ஐம்பது நிமிடம் பேசினோம். நேரில் சந்திக்க வழியே இல்லை. கலப்புமுறையின் பலமே நேரில் சந்திப்பதில் இருக்கிறது. அது இல்லாத காலத்தை வைத்து இதை எடை போட வேண்டாம். அதே காரணத்தால், அந்த 40 சதவீதத்தையும் மாலை ஏழு மணிக்கு ஜூமில் லைவாக நடத்திக் கணக்குக் காட்டும் யோசனை யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டு முறைகளின் பலவீனமும் அதில் சேர்ந்து வரும்.

இனி, ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பது. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அமெரிக்கக் கல்வித் துறைக்காக, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 2009-இல் வெளியாகி 2010-இல் திருத்தப்பட்டது. முழு நேரடி வகுப்பை விடக் கலப்புமுறை சற்று மேல் என்று அது சொன்னதைக் கருத்தரங்குகளில் எல்லோரும் ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள். அதே அறிக்கையில் ஆய்வாளர்கள் எழுதிய எச்சரிக்கையை யாரும் காட்ட மாட்டார்கள். கலப்புமுறையில் படித்தவர்களுக்குப் பல ஆய்வுகளில் கூடுதல் நேரமும் கூடுதல் பயிற்சிகளும் கிடைத்திருந்தன; பலன் அதனால் வந்திருக்கலாம், ஆன்லைன் என்பதற்காக வந்ததாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளை நான் அதிகம் நம்புவேன். உங்கள் பாடத்திலேயே ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஆறு அரசுக் கல்லூரி வளாகங்களில் அறிமுகப் புள்ளியியல் மாணவர்கள் 605 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல வாரம் மூன்று நான்கு மணி நேர வகுப்பு. இன்னொரு பாதிக்கு கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய கணினிவழிப் பாடமும் வாரம் ஒரு மணி நேரம் நேரடி வகுப்பும். தேர்ச்சியிலும் இறுதித் தேர்விலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நியூயார்க்கின் பரூக் கல்லூரியில் பொருளியல் வகுப்பை வாரம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்துப் பார்த்தார்கள். தேர்வில் நூற்றுக்கு 2.3 மதிப்பெண்தான் குறைந்தது. நேரடி, கலப்பு, முழு ஆன்லைன் என்று மூன்றாகப் பிரித்து 2016-இல் வெளியான இன்னொரு பொருளியல் ஆய்வில், முழு ஆன்லைனில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். கலப்பில் படித்தவர்களுக்கும் நேரடியாகப் படித்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இவற்றை வைத்து நான் சொல்லத் துணிவது இவ்வளவுதான்: கொஞ்சம் நேரடி வகுப்பைக் குறைத்தாலும் ஆபத்தில்லை, அடியோடு எடுத்துவிட்டால் ஆபத்து. கலப்புமுறை தானாகவே மதிப்பெண்ணை உயர்த்தும் என்பதற்கு இவற்றில் ஆதாரம் இல்லை.

ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நடந்த இரண்டு சம்பவங்களையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தில் 2012-இல் மின்சுற்றுப் பாடத்துக்கு எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் இருந்த எம்ஐடி பல்கலைக்கழக வீடியோக்களை வீட்டில் பார்க்கச் சொல்லி, வகுப்பில் குழுவாகக் கணக்குப் போட வைத்தார்கள், ஆசிரியர் கூடவே இருந்தார். அந்தப் பிரிவில் 91 சதவீதத் தேர்ச்சி என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. வழக்கமான வகுப்புகளில் அது அறுபதைத் தொடவில்லை. அடுத்த ஆண்டே உடாசிட்டி என்ற ஆன்லைன் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம், அல்ஜீப்ரா, புள்ளியியல் ஆகிய மூன்றையும் முழுக்க ஆன்லைனில் நடத்தினார்கள். ஒன்றில்கூடத் தேர்ச்சி 51 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2013 ஜூலையில் திட்டத்தை இடைநிறுத்துவதாக அறிவித்தார்கள். முதலாவதில் இருந்தவர்கள் பொறியியல் மாணவர்கள், இரண்டாவதில் இருந்தவர்களில் பலர் கணிதத்தில் ஏற்கெனவே தடுமாறியவர்கள். ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் தனியாக விடக் கூடாதவர்கள் யார் என்பது தெரிகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த ஒரு பி.காம் வகுப்பு எந்தப் பக்கம் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஒரு வாரத்தை எப்படிப் பிரிப்பது? ஒட்டுறவு (கோரிலேஷன், அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது) என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். நாம் வழக்கமாக வகுப்பில் என்ன செய்கிறோம்? வரையறையை எழுதிப் போடுகிறோம், வகைகளைச் சொல்கிறோம், கார்ல் பியர்சன் சூத்திரத்தை எழுதி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறோம். அறுபது பேரும் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். பீரியட் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் அடுத்த கணக்கைத் தனியாகப் போடும்போதுதான் சிக்கும், அப்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இதைத் திருப்பிப் போடுங்கள். வரையறையும் போட்டுக் காட்டிய கணக்கும் வீடியோவுக்குப் போகட்டும். அவற்றை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்ப்பது அங்கேதான் வசதி. தனியாகப் போட வேண்டிய கணக்கு வகுப்புக்கு வரட்டும்.

வகுப்பில் வேறும் செய்யலாம். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் சராசரி ஒன்றே, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) ஏறக்குறைய ஒன்றே, ஒட்டுறவுக் கெழு (ஒட்டுறவின் அளவைச் சொல்லும் எண்) நான்குக்கும் 0.816. வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு தொகுப்பு என்று சொல்லாமலேயே கொடுத்து, கெழுவை வீட்டில் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். வகுப்பில் விடையைக் கேட்டால் எல்லோரும் 0.816 என்பார்கள், ஒரே கணக்கைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார் என்று நினைப்பார்கள். பிறகு கிராஃப் தாளில் சிதறல் படம் வரையச் சொல்லி, நான்கையும் பலகையில் ஒட்டுங்கள். ஒன்று கோட்டை ஒட்டிச் சிதறியிருக்கும், ஒன்று வில்லாக வளைந்திருக்கும், ஒன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டைக் கெடுத்திருக்கும், நான்காவதில் ஒரு புள்ளியைத் தவிர எல்லாம் செங்குத்தாக நிற்கும். கெழு ஒன்றாக இருந்தும் படம் இப்படி மாறுவானேன் என்று அவர்களுக்குள் எழும் வாக்குவாதம் எந்த வீடியோவிலும் நடக்காது. வணிகம் படிக்கிறவர்களுக்குப் பிற்காலத்தில் தேவைப்படப் போவதும் அந்த வாக்குவாதம்தான். பெருக்கிக் கூட்ட எக்செல் இருக்கிறது. விலை மாற்றத்தை அளக்கும் குறியீட்டெண்ணுக்கும் இதுபோலச் செய்யலாம்: வீட்டில் வாங்கும் அரிசி, எண்ணெய், பால் விலையை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், லாஸ்பியர், பாஷே என்ற இரண்டு சூத்திரங்களும் ஏன் வேறு வேறு விடை தருகின்றன என்று பேச ஒரு பீரியட் போதாது.

வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அது இல்லாமல் போன கலப்புமுறை எதுவும் பிழைத்து நான் பார்க்கவில்லை. வீடியோவின் முடிவில் மூன்றே கேள்விகள், கூகுள் ஃபார்மில். முதல் இரண்டும் சிறு கணக்கு. மூன்றாவது எப்போதும், “எந்த இடத்தில் குழம்பியது, இரண்டு வரியில் எழுதுங்கள்”. வகுப்புக்கு முந்தைய இரவு அந்தப் பதில்களை நீங்கள் படித்தாக வேண்டும். பதினைந்து நிமிடம் ஆகும். மறுநாள் வகுப்பை, “நேற்று பாதிப் பேர் எதிர்மறை ஒட்டுறவு என்றால் ஒட்டுறவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்” என்று தொடங்கினால், தாங்கள் எழுதியதை யாரோ படிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்த வாரத்திலிருந்து எழுதுபவர்களின் எண்ணிக்கை ஏறும். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991 முதல் ஏறக்குறைய இப்படித்தான் வகுப்பு நடத்தினார். ஒரு கேள்வி கேட்டு எல்லோரையும் விடைக்கு வாக்களிக்க வைப்பார். சுமார் முப்பது சதவீதத்துக்குக் கீழே சரியென்றால் மறுபடி விளக்குவார். எழுபதுக்கு மேல் என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்வார். நடுவில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி வாக்களிக்கச் சொல்வார். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், கை தூக்கச் சொன்னால் போதும். அடுத்தவர் கையைப் பார்த்துத் தூக்குவதைத் தடுக்க, ஒன்று முதல் நான்கு வரை விரலை நெஞ்சோடு சேர்த்துக் காட்டச் சொல்லலாம்.

வீடியோவைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறீர்கள், அதில் சொல்ல அதிகம் இல்லை. ஆறு நிமிடத்துக்குள் முடியுங்கள். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வந்த கட்டுரையில், ஆறு நிமிடத்தைத் தாண்டிய வீடியோக்களில் மக்கள் நிலைப்பது குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். (எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை அளந்தார்கள், எவ்வளவு கற்றார்கள் என்பதை அளக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஸ்டூடியோ தேவையில்லை. இரண்டு அடுக்குப் புத்தகங்களின் மேல் செல்போனைக் கவிழ்த்து வைத்து, கீழே வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டே வகுப்பில் பேசும் தமிழிலேயே பேசுங்கள், கலைச்சொல்லை மட்டும் தேர்வில் வரும் வடிவத்தில் சொல்லுங்கள். ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் நம்மை விடப் பெரிய பேராசிரியர்களின் நல்ல பாடங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் வேகமும் ஆங்கிலமும் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து வந்த பிள்ளைக்கு முதல் நிமிடத்திலேயே கதவைச் சாத்திவிடும். உங்கள் குரல் அவர்களுக்குப் பழகியது. ஆர்வமுள்ள நாலைந்து பேருக்கு என்பிடெல் லிங்க்கைத் தனியாகக் கொடுங்கள்.

பார்க்காமல் வருபவர்களை என்ன செய்வது என்பதற்கு முன், பார்க்க முடியாதவர்களைத் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தினசரி டேட்டாவை அண்ணனோடு பகிர்பவர், ஆறு மணிக்குமேல் செல்போனைத் தொட வீட்டில் அனுமதி இல்லாத பெண், கல்லூரி விட்டதும் ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்பவர் எல்லோரும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்காதீர்கள். சீட்டில் எழுதி வாங்குங்கள். இவர்களுக்காக வீடியோவைக் குறைந்த தரத்தில் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், அதே உள்ளடக்கத்தை இரண்டு பக்க ஜெராக்ஸாகவும் கொடுங்கள், மதிய இடைவேளையில் கணினி ஆய்வகத்தைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸில் படித்தாலும் கலப்புமுறைதான். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் நடந்த குலுக்கல் சோதனை ஒரு எச்சரிக்கை. அங்கே வீடியோவை முதலில் பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் முறையில், கணிதத்தில் உடனடிப் பலன் தெரிந்தது, பொருளியலில் தெரியவில்லை. கணிதத்தில் வந்த பலனும் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களுக்கே அதிகம் போய்ச் சேர்ந்து இடைவெளி அகன்றது. இறுதித் தேர்வுக்குள் அந்தப் பலனும் மங்கிவிட்டது. எல்லோரிடமும் கணினி இருக்கும், கட்டுப்பாட்டுக்குப் பேர்போன இடத்திலேயே இப்படி.

பார்க்க முடிந்தும் பார்க்காமல் வருபவர்களுக்கு என் வழக்கம் ஒன்றுதான். வகுப்பின் முதல் பத்து நிமிடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இயர்போன் போட்டு அங்கேயே பார்க்க வேண்டும். மற்றவர்கள் முதல் கணக்கைத் தொடங்கிவிடுவார்கள். திட்டுவதில்லை, வெளியே அனுப்புவதில்லை, அவர்களுக்காகப் பாடத்தைத் திரும்ப நடத்துவதும் இல்லை. கடைசியாகச் சொன்னதில் மட்டும் கல்நெஞ்சாக இருங்கள். முதல் மூன்று வாரம் பின்வரிசை நிரம்பியிருக்கும், மனம் பதறும். பிறகு குறையும். முழுக்கக் காலியாகும் என்று சொல்ல மாட்டேன்.

இன்டர்னல் மார்க்கில் இதற்கு ஒரு பங்கு வேண்டும், ஆனால் சிறியதாக. மூன்று கேள்விகளுக்கும் முயன்று எழுதினால் மார்க், சரியா தவறா என்று பார்க்க வேண்டாம். சரியான விடைக்கு மார்க் என்று அறிவித்த அன்றிரவே ஒருவர் விடையை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார், நீங்கள் படிக்கப் போவது அந்த ஒருவரின் மூளையை மட்டும்தான். தவறாக எழுதினாலும் இழப்பில்லை என்றால்தான் உண்மையான தவறுகள் உங்களிடம் வரும். உண்மையான தேர்வை, கணக்கை, நேரில் தாளில் வையுங்கள். என்பிடெல்லே பயிற்சிகளை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு சான்றிதழ்த் தேர்வை மையத்துக்கு வரவழைத்து நடத்துகிறது; மொத்த மதிப்பெண்ணில் நான்கில் மூன்று பங்கு அந்தத் தேர்வுக்கு.

இரண்டாவது வாரத்தில் ஒரு புகார் வரும்: “சார் பாடமே நடத்துறதில்லை, எங்களையே போடச் சொல்றாரு.” ஹெச்ஓடி அறை வரை போகும். இதற்குத் தயாராக இருங்கள். ஹார்வர்ட் இயற்பியல் மாணவர்களிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே முட்டி மோதிக் கற்ற வகுப்பில் தேர்வு மதிப்பெண் கூடியது, ஆனால் குறைவாகக் கற்றதாக மாணவர்கள் உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கு நேர்மாறாக, நன்றாகப் புரிந்ததுபோல இருந்தது. கஷ்டப்படுவதைக் கற்காததாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு. முதல் வகுப்பிலேயே இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள், ஹெச்ஓடியிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் இன்டர்னல் தாள்களைத் திருத்தியதும் சென்ற ஆண்டுத் தாள்களோடு வைத்துப் பாருங்கள். அந்த ஒப்பீட்டை நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வேறு பிள்ளைகள், வேறு கேள்விகள். பேச்சுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான்.

உங்கள் வேலைப்பளு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் வேலை குறையாது, கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். நேர அட்டவணையில் ஆன்லைன் பகுதிக்கும் பணிநேரம் கணக்கிடப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் இந்தத் திட்டத்தின் பின்னால் பீரியட்களைக் குறைத்து, கௌரவ விரிவுரையாளர்களைக் குறைக்கும் கணக்கும் இருக்கிறது. மேலே சொன்ன சான் ஹோசேயிலேயே 2013-இல் தத்துவத் துறை ஆசிரியர்கள், ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் ஆன்லைன் வகுப்பைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். இப்படியே போனால் துறைகள் கலைக்கப்பட்டு, ஏழைப் பல்கலைக்கழகங்களுக்கு வீடியோ மட்டும் மிஞ்சும் என்பது அவர்கள் பயம். நேரடி வகுப்பைச் செறிவாக்குவதற்காகச் செய்கிறோமா, அதைக் குறைப்பதற்காகச் செய்கிறோமா என்று உங்கள் கல்லூரிக் கூட்டத்தில் ஒருவர் கேட்க வேண்டும். வயதில் இளையவர் நீங்கள், தனியாகக் கேட்க வேண்டாம். மூத்தவர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

மேலே சொன்னவற்றில் என் ஊகம் எது என்பதையும் பிரித்துவிடுகிறேன். பார்த்த பாடத்தைத் திரும்ப நடத்தக் கூடாது, பதில்களை முந்தைய இரவே படிக்க வேண்டும் என்பவற்றை என் அனுபவத்தை வைத்து அழுத்தமாகச் சொல்வேன். நான் காட்டிய சோதனைகள் எல்லாம் அமெரிக்காவில் நடந்தவை, பெரும்பாலும் பொருளியலிலும் புள்ளியியலிலும். நம் ஊர் வகுப்புக்கு அதே அளவு பலனோ அதே அளவு ஆபத்தோ வரும் என்று சொல்ல முடியாது. கணக்கு உள்ள பாடங்களில்தான் என் பழக்கம். தமிழ்ச் செய்யுள் வகுப்பிலோ வணிகச் சட்டத்திலோ வகுப்பு நேரத்தை எதற்கு ஒதுக்குவது என்பதை அந்தப் பாடம் எடுப்பவர்கள் சொல்லட்டும். அறுபது பேர் வரை இது நடக்கும். நூற்றுக்கு மேல் போனால் குழுக்களைச் சுற்றிவர ஆள் போதாது, முதுகலை மாணவர் ஒருவரையாவது உதவிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், ஐந்து யூனிட்டிலும் ஒரே நேரத்தில் இறங்காதீர்கள். முதல் யூனிட்டை வழக்கம்போல நடத்தி, பிள்ளைகளை அறிந்துகொள்ளுங்கள். சராசரிகளிலிருந்து வாரம் ஒரு வீடியோ என்று ஆரம்பித்து, ஒட்டுறவு வரும்போது முழு வேகத்துக்கு வரலாம். ஆன்லைன் பகுதிக்கு அட்டென்டன்ஸ் எப்படி என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் வந்திருந்தால் வருகை, வராவிட்டால் இல்லை. ஜெராக்ஸில் படித்தவர்கள் அதே மூன்று பதில்களைத் தாளில் எழுதிக் காலையில் உங்கள் மேசையில் வைத்தால் அதுவும் வருகைதான். வீடியோ எத்தனை நிமிடம் ஓடியது என்ற கணக்கை மட்டும் வருகைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டுவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவார்கள்.